களப்பணி நடக்கும் இடமும் கல்லூரிதான்

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே ஒன்று புரிந்துவிடும். இந்தப் படிப்பில் பாதி கல்லூரிக்கு வெளியேதான் நடக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி. காலையில் பஸ் பிடித்து அரசு மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ, போதை மறுவாழ்வு மையத்துக்கோ, தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கோ போக வேண்டும். (2021-இல் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு சாதாரண நகரப் பேருந்தில் மாணவிகளுக்கு பஸ் செலவு மிச்சம். பாஸ் செல்லாத வழித்தடத்தில் பையன்களுக்கு இன்னமும் கைக்காசுதான்.) மாலையில் திரும்பி வந்து ரெக்கார்டு எழுத வேண்டும். இது போக கிராம முகாம், பிளாக் பிளேஸ்மென்ட் என்னும் தொடர் களப்பணி.

1936-இல் பம்பாயில் சமூகப் பணிப் படிப்பு தொடங்கியதிலிருந்தே களப்பணிதான் அதன் உயிர். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. இல்லாத பெரிய ஊரே அரிது. ஆனாலும் வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல சமூகப் பணிக்கென்று தனியாக ஒரு கவுன்சிலை அமைக்கும் சட்டம் இந்தியாவில் இதுவரை இல்லை. களத்தில் ஏதாவது நேர்ந்தால் போய் நிற்க ஒரே வாசல் கிடையாது. பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் நாலைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் உரிமை பேசக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளாமலே பட்டம் வாங்கிவிடுவது இதனால்தான்.

முதலில் பாலியல் தொல்லை. ஏஜென்சி, அதாவது களப்பணி நடக்கும் நிறுவனத்தின் சூப்பர்வைசர் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். அடுத்த வாரம், வீடு பார்வைக்குத் தன் பைக்கிலேயே வரச் சொல்வார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுபவரும், மதிப்பீட்டுத் தாளை நிரப்புபவரும் அவரே. மாணவி துறையில் சொன்னால், "வெளி ஆள் விஷயத்துல நாங்க என்னம்மா பண்ண முடியும், வேற ஏஜென்சி மாத்தித் தர்றோம்" என்று பதில் வரும். இந்தப் பதில் சட்டப்படி தவறு.

யு.ஜி.சி. 2015-இல் கொண்டுவந்த பாலியல் தொல்லை தடுப்பு விதிமுறைகள், வளாகம் என்றால் எது என்று விரித்துச் சொல்கின்றன. களப் பயணம், இன்டர்ன்ஷிப், குறுகிய காலப் பணியமர்வு, முகாம், போய்வரும் வாகனம் எல்லாமே அதில் அடக்கம். மாணவராக நீங்கள் நிற்கும் இடம் வளாகம். எனவே கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்த தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்க இடமுண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இந்த விதிகள் மாணவிகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. சில மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் இதே ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை அவை ஏற்கின்றன.

பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இதில் இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, எதிர்மனுதாரர் புகார்தாரரின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று தடை போடும்படி குழு பரிந்துரைக்கலாம். களப்பணி மார்க்கை வைத்துத்தான் மிரட்டலே நடக்கிறது என்பதால், புகாரோடு சேர்த்து இதையும் எழுதிக் கேட்பது நல்லது.

தொல்லை கொடுத்தவர் ஏஜென்சி ஊழியர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. தொண்டு நிறுவனங்களும் அதன் கணக்கில் பணியிடங்களே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகக் குழு கட்டாயம். ஐந்தாறு பேரை வைத்து நடக்கும் சின்ன அமைப்பு என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். நிறுவனத்தின் தலைவர் மீதே புகார் என்றாலும் அதே இடம்தான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம், மகளிர் உதவி எண் 181-க்கும் அழைக்கலாம். போலீசுக்குப் போகும் உரிமை இதில் எதனாலும் குறையாது.

அடுத்தது, மாணவரே சட்டத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து. இதை வகுப்பில் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

குழந்தைகள் இல்லத்தில் ஒரு சிறுமி நாலு வாரம் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாவது வாரம் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது அக்கா" என்று ஆரம்பிக்கிறாள். கேஸ் வொர்க் வகுப்பில் ரகசியம் காப்பது முதல் பாடம். ஆனால் அவள் சொல்வது பாலியல் வன்முறை என்றால், போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு அந்த ரகசியத்தை அனுமதிப்பதில்லை. தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். "நான் வெறும் ஸ்டூடன்ட்" என்பது விலக்கு ஆகாது. தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்த ஆபத்து அவருக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ஆவது பிரிவில் இருக்கிறது. அன்றைக்கே கல்லூரி சூப்பர்வைசரிடம் சொல்லி அவரோடு சேர்ந்து தெரிவிப்பதே முறை. தடுமாற்றமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். அந்தச் சிறுமிக்குத் தொடக்கத்திலேயே, "உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லுவேன், கண்ணு" என்று சொல்லிவைத்திருந்தால் பின்னால் அவளை ஏமாற்றியது போல் ஆகாது.

போட்டோ இன்னொரு கண்ணி. குழந்தைகள் தின விழா முடிந்ததும் குழந்தைகளை அணைத்தபடி ஒரு செல்ஃபி, ஸ்டேட்டஸில் இல்லத்தின் பெயரோடு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடுக்கிறது. மனநல சிகிச்சை பெறுபவருக்கும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியக் காப்பு உண்டு.

ரெக்கார்டையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சீனியரின் ரெக்கார்டு 'மாடல்' என்ற பெயரில் ஜூனியர் கைகளில் சுற்றும், செராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். அதில் நோயாளியின் முழுப் பெயர், ஊர், தெரு, கணவர் வேலை பார்க்கும் இடம் வரை இருக்கும். பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சின்ன ஊரில் "பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை வைத்திருப்பவரின் மனைவி" என்று எழுதினால் பெயரே தேவையில்லை.

இலவச ஆள்பலமாக நடத்தப்படுவதைப் பற்றிக் கொஞ்சம். மாணவரைக் கணக்குப் புத்தகம் நிரப்பவும், சர்வே படிவங்களைக் கணினியில் ஏற்றவும், நன்கொடை வசூலுக்கும் பயன்படுத்தும் ஏஜென்சிகள் உண்டு. களப்பணிக்கு உதவித்தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. பதிலுக்குக் கிடைக்க வேண்டியது பயிற்சி, அதுவும் இல்லையென்றால் அது வெறும் கூலியில்லா வேலை. அன்றாட ரெக்கார்டில் செய்த வேலையை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அதுவே சாட்சி. ஐ.சி. எனப்படும் சூப்பர்வைசருடனான தனிச் சந்திப்பில் வாயால் சொன்னதை, துறைக்கு ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். விபத்துக் காப்பீடு உண்டா என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பட்டத்தின் பெயர் தரும் நம்பிக்கைக்கு வருவோம். 'மருத்துவ, மனநல சமூகப் பணி' சிறப்புப் பாடம் எடுத்தால் மனநல சமூகப் பணியாளர் ஆகிவிடலாம் என்று சேர்க்கை நேரத்தில் சொல்லப்படுவதுண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்குத் தனி வரையறை வைத்திருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல், மேற்பார்வையில் மருத்துவப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும், அல்லது விதிகள் ஏற்கும் வேறு தகுதி வேண்டும். அந்த எம்.ஃபிலுக்கே இப்போது சிக்கல். யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில். படிப்பை நிறுத்தியது. பிறகு, இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. 2021-ஆம் ஆண்டின் துணைநல, மருத்துவப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு கிளினிக் போர்டு மாட்ட நினைப்பவர், சேரும் முன்பே இவற்றின் அன்றைய நிலையை விசாரிக்க வேண்டும்.

மனிதவளப் பிரிவு எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தொழிற்சாலைச் சட்டம் 1948, 500 தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கிறது. வேலைவாய்ப்புக்கு நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பதவிக்கான தகுதியை வகுப்பது அரசு விதிகள், கல்லூரியின் விளம்பரத் தாள் அல்ல.

கட்டண விஷயம் எல்லாப் படிப்புக்கும் பொது என்பதால் சுருக்கமாக. சேர்ந்த பின் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு யு.ஜி.சி. 2018-இல் அட்டவணை வகுத்தது. சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகை. தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைக்கக் கூடாது.

இதற்கும், பாகுபாட்டுக்கும், நியாயமற்ற மதிப்பீட்டுக்கும் 2023-ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர் விதிமுறைகள் வழிவகுக்கின்றன. கிராம முகாமில் "நீ எந்தத் தெரு?" என்று கேட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தால் அதுவும் இங்கே புகாராகும். தேவைப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 14566 என்ற உதவி எண்ணும் உண்டு. புகாரை மாணவர் குறைதீர் குழுவுக்குத் தர வேண்டும். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு 30 நாள் கெடு. கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அலுவலகத்தில் மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைக் களப்பணி டைரியிலேயே ஒட்டி வையுங்கள்.