எடை பார்ப்பது சும்மா இல்லீங்க!

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம் எல்லாம் குறித்துக்கொள்வார். கால் வீங்கியிருக்கா, எதையும் பிடிக்காமல் நிற்க முடியுதா என்றும் பார்ப்பார். "மாத்திரை கொடுத்தா போதாதா, எதுக்கு இத்தனை கணக்கு?"ன்னு தோணலாம்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ நிற்பதே இந்தக் கணக்கில்தான். காசநோய் இறப்புகள் பல, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கின்றன. ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருந்தாலோ, தானாக நிற்க முடியாவிட்டாலோ, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் எனப் பணியாளர் அங்கேயே கண்டுகொள்வார்.

அதனால் எடை பார்க்கச் சொன்னால் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தட்டிக்கழிக்காதீங்க. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, பரிசோதனை இலவசம். சந்தேகம் என்றால் 104-க்கு அழையுங்கள்.