சொந்த ஊர் எதிரிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள்!
ஓய்வு பெற்ற இனியெஸ்டாவை மறக்காத ரசிகர்கள்

பார்சிலோனா நகரத்தில் கால்பந்து என்றால் இரண்டு கட்சி.

ஒன்று பார்சிலோனா கிளப். சிவப்பும் நீலமும் கலந்த சட்டை. இன்னொன்று எஸ்பான்யோல் கிளப். நீலமும் வெள்ளையும் கலந்த சட்டை. ஊர் ஒன்று, தெரு ஒன்று. ஆனால் ஆட்டம் என்று வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்திலேயே முழிக்க மாட்டார்கள். அந்தக் கட்சி ஆட்டக்காரனை இந்தக் கட்சிக்காரன் பாராட்டுவதாவது? நடக்கிற காரியமா?

நடந்தது. ஸ்பெயின் நாட்டின் நடுக்கள ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்டா விஷயத்தில் அது நடந்தது.

2024-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இனியெஸ்டா ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 40. அந்தத் தேதிக்கும் காரணம் உண்டு. பார்சிலோனா கிளப்பில் அவர் போட்டிருந்த சட்டையின் எண் 8. பார்சிலோனாவில் நடந்த விழா மேடையில் பேசும்போதே அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ரசிகர்கள் அவருடைய பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார்கள். எத்தனை கோப்பை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ஆனால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது கோப்பை அல்ல. ஒரு பனியன்!

அது என்ன பனியன்? சொல்கிறோம்.

கொத்தனார் மகன்

இனியெஸ்டா பிறந்தது 1984-ம் ஆண்டு மே 11-ந் தேதி. ஊர் புவென்டேயல்பியா. ஸ்பெயினில் அல்பசேட்டே மாகாணத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். அப்பா கொத்தனார். தாத்தா அந்த ஊரில் மதுக்கடை நடத்தி வந்தார்.

பையன் படு சுட்டி. ஆனால் காலில் பந்து இருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் வாயே திறக்க மாட்டான்.

12 வயதில் ஒரு சிறுவர் போட்டியில் இவனுடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பார்சிலோனா கிளப் கூப்பிட்டது. 1996-ல் கிளப்பின் பயிற்சி விடுதியான லா மாசியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா, அம்மா ஊருக்குத் திரும்பினார்கள். பையன் அழுதான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல நாள் ராத்திரி அழுதான். அந்தப் பக்கம் பெற்றவர்களும் அழுதார்கள். பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள். நல்ல வேளை, போகவில்லை!

அப்போது பார்சிலோனாவின் கேப்டனாக இருந்தவர் கார்டியோலா. இந்தப் பொடியன் ஆடுவதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இளம் ஆட்டக்காரர் சாவியிடம், நீ என்னை வீட்டுக்கு அனுப்பப் போகிறாய், இந்தப் பையன் நம் எல்லோரையுமே வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று சொன்னார். அந்தப் பேச்சு பார்சிலோனாவில் ரொம்பப் பிரபலம்.

ஆளைப் பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாது. உயரம் 171 சென்டிமீட்டர். வெளிறிப்போன முகம். ஓடிப் பிடிக்கிற வேகமும் கிடையாது. ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் கதை வேறு. வலது காலில் இருந்து இடது காலுக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான்! குறுக்கே வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இனியெஸ்டா அவர்களுக்கு நடுவில் புகுந்து போயிருப்பார்.

2002 அக்டோபர் 29-ந் தேதி, 18 வயதில், பார்சிலோனா முதல் அணிக்காக முதன்முதலாக இறங்கினார்.

93-வது நிமிடம்

2009 மே 6-ந் தேதி. இடம் லண்டன். ஐரோப்பிய சாம்பியன் கோப்பை அரையிறுதி. எதிரணி செல்சி.

9-வது நிமிடத்திலேயே செல்சி ஒரு கோல் போட்டுவிட்டது. பார்சிலோனா ஆட்டக்காரர் ஒருவரை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். பத்துப் பேர்தான் பாக்கி. 90 நிமிடம் முடிந்தது. அதுவரை பார்சிலோனா உதைத்த ஒரு பந்துகூட கோலுக்கு நேராகப் போகவில்லை. அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ் என்று பார்சிலோனா ரசிகர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

93-வது நிமிடம். மெஸ்சி பந்தைத் தள்ளிக் கொடுத்தார். இனியெஸ்டா ஓடி வந்து விட்டார் பாருங்கள் ஒரு உதை! பந்து வலையில்!

சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே மைதானத்தின் மூலைக்கு ஓடினார். 1-1. வெளியூரில் போட்ட கோல் என்ற கணக்கில் பார்சிலோனா இறுதி ஆட்டத்துக்குப் போனது. ரோம் நகரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையையும் தூக்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பார்சிலோனா இருக்கிற கட்டலோனியா பகுதியில் சரியாக ஒன்பது மாதம் கழித்துப் பிரசவங்கள் கூடிவிட்டன என்று பேச்சு கிளம்பியது. டாக்டர்கள் சிலர் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதியின் இரண்டு வட்டாரங்களில் 2010 பிப்ரவரியில் பிரசவம் 16 சதவீதம் கூடியிருந்தது! 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தக் கணக்கு வெளியானது.

ஓட்டலில் மரணம்

ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. இனியெஸ்டாவுக்கு மட்டும் தூக்கம் இல்லை.

தொடையில் காயத்தோடுதான் ரோம் இறுதி ஆட்டத்தில் ஆடினார். காயம் ஆறவில்லை. மனசும் சரியில்லை. அந்த நேரத்தில்தான் இடி மாதிரி வந்தது அந்தச் செய்தி.

2009 ஆகஸ்ட் 8-ந் தேதி. எஸ்பான்யோல் அணி பயிற்சிக்காக இத்தாலி போயிருந்தது. அணியின் கேப்டன் டானி ஹார்க்கே ஓட்டல் அறையில் இருந்தார். ஊரில் கர்ப்பமாக இருந்த தன் துணைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றுபோனது.

மாரடைப்பு. வயது 26.

எஸ்பான்யோல் கிளப் புது மைதானத்தைத் திறந்து ஆறே நாள்தான் ஆகியிருந்தது. கேப்டன் பட்டம் கட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஹார்க்கே எதிர்க் கட்சி ஆள்தான். ஆனால் இனியெஸ்டாவுக்கு நண்பர். ஸ்பெயின் இளைஞர் அணியில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள்.

இனியெஸ்டா ஒடிந்துபோனார். கோப்பை, பணம், புகழ் எல்லாம் இருந்தும் எதிலும் நாட்டம் இல்லை. 25 வயது ஆள் ஒருநாள் நடு ராத்திரி அப்பா, அம்மா அறைக்குப் போய், எனக்கு என்னமோ பண்ணுகிறது, இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று நின்றிருக்கிறார். பின்னால் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே சொன்னார். மனநல நிபுணரிடம் போய் சிகிச்சை எடுத்ததையும் மறைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூச்சப்பட்ட காலம் அது.

பனியனில் எழுத்து

2010 ஏப்ரலில் மறுபடியும் காலில் காயம். உலகக் கோப்பைக்கு இன்னும் இரண்டே மாதம். முடிந்தது கதை என்றுதான் அவரே நினைத்தார். எப்படியோ தேறித் தென் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே ஸ்பெயின் தோற்றது. அவருக்கும் அடி பட்டது. அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை.

ஜூலை 11-ந் தேதி. ஜோகன்னஸ்பர்க். இறுதி ஆட்டம். எதிரணி நெதர்லாந்து. ஆட்டமா அது? அடிதடி! 14 மஞ்சள் அட்டை காட்டினார் நடுவர். 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரம் 30 நிமிடம் கொடுத்தார்கள்.

116-வது நிமிடம். பாப்ரிகாஸ் பந்தைத் தள்ளினார். பந்து ஒரு குதி குதித்தது. இனியெஸ்டா அது கீழே வரும்வரை பொறுத்திருந்து வலது காலால் உதைத்தார். கோல்!

அந்த நொடியில் ஒரு சத்தமும் காதில் விழவில்லை, ஒரே நிசப்தம் என்று பிறகு அவர் சொன்னார். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்த மைதானத்தில்!

ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். உள்ளே கையில்லாத வெள்ளைப் பனியன். அதில் நீல மையால் கைப்பட எழுதிய எழுத்து. டானி ஹார்க்கே எப்போதும் நம்மோடு இருக்கிறார் என்று ஸ்பானிய மொழியில் எழுதியிருந்தது. டெலிவிஷன் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த உலகம் பூராவும் அதைப் பார்த்தது.

சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது சட்டம். நடுவர் ஹோவர்ட் வெப் அட்டையைக் காட்டினார். இனியெஸ்டா வாங்கிக்கொண்டார்.

ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது. நாட்டுக்கே கோப்பை வாங்கிக் கொடுத்த கோல். அதை எதிர்க் கட்சி கேப்டன் பெயரில் எழுதி வைத்துவிட்டார்!

எதிரி மைதானத்தில்

அதே வருஷம் டிசம்பர் 18-ந் தேதி. எஸ்பான்யோல் மைதானத்தில் இரண்டு கிளப்புகளும் மோதின. பார்சிலோனா 5-1 என்று வெளுத்து வாங்கியது. சொந்த மண்ணில் இப்படி உதை வாங்கினால் எந்த ரசிகனுக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் இனியெஸ்டா மைதானத்தை விட்டு வெளியே நடந்தபோது எஸ்பான்யோல் ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டினார்கள். ஹார்க்கேயை மறக்காத ஆளுக்கு அவர்கள் காட்டிய மரியாதை அது.

அதன் பிறகு ஸ்பெயினில் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்குக் கைதட்டல்தான். பார்சிலோனாவின் பரம எதிரி ரியல் மாட்ரிட். 2015 நவம்பர் 21-ந் தேதி அவர்கள் மைதானத்தில் பார்சிலோனா 4-0 என்று ஜெயித்தது. ஒரு கோல் இனியெஸ்டாவுடையது. அங்கேயும் ரசிகர்கள் கைதட்டி அனுப்பினார்கள். அந்த மைதானத்தில் அப்படிக் கைதட்டல் வாங்கிய பார்சிலோனா ஆட்டக்காரர்கள் மரடோனா, ரொனால்டினோ மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

எல்லா ஊரும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. பில்பாவோ நகரத்தில் மட்டும் அவர் பந்தைத் தொட்டாலே விசில் அடித்துக் கூச்சல் போடுவார்கள். 2010 செப்டம்பரில் நடந்த ஆட்டத்தில் அவரை இடித்ததற்காக அந்த ஊர் ஆட்டக்காரரை நடுவர் வெளியேற்றினார். இனியெஸ்டா வலிப்பதுபோல நடித்துவிட்டார் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கோபம் வருஷக்கணக்கில் தீரவில்லை.

ஆனால் பார்சிலோனாவுக்காக ஆடிய 674 ஆட்டங்களிலும் அவர் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை.

கிடைக்காத பந்து

ரசிகர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற தங்கப் பந்து விருது. 2010-ல் இனியெஸ்டாவுக்குத்தான் என்று பலரும் நம்பினார்கள். கிடைத்தது மெஸ்சிக்கு. இனியெஸ்டா இரண்டாவது. சாவி மூன்றாவது. மூன்று பேரும் பார்சிலோனா ஆட்களே!

2018-ல் அவர் பார்சிலோனாவை விட்டுக் கிளம்பும் சமயம். அந்த விருதைத் தோற்றுவித்த பிரெஞ்சுப் பத்திரிகையே தலையங்கம் எழுதி அவரிடம் மன்னிப்புக் கேட்டது. இனியெஸ்டா இதைப் பற்றிப் புலம்பியது கிடையாது. ரசிகர்கள்தான் இன்னும் ஆறவில்லை.

வெறும் காலோடு

2018 மே 20-ந் தேதி பார்சிலோனாவுக்காக கடைசி ஆட்டம். விழா முடிந்தது. கூட்டம் கலைந்தது. விளக்குகளை அணைத்தார்கள். நள்ளிரவும் தாண்டிவிட்டது. ஒரு ஆள் மட்டும் மைதானத்தின் நடுவில் வெறும் காலோடு புல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். 12 வயதில் அழுதுகொண்டு வந்த ஊர். இப்போது விட்டுப் போக மனசு வரவில்லை.

அந்தப் போட்டோ ரசிகர்கள் பலர் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

பார்சிலோனாவில் அவர் வாங்கிய கோப்பைகள் மொத்தம் 32. அதில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை 4. ஸ்பெயின் லீக் பட்டம் 9. நாட்டுக்காக 131 ஆட்டம். உலகக் கோப்பை ஒன்று, 2008, 2012 ஐரோப்பியக் கோப்பைகள் இரண்டு. 2012-ல் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

அப்புறம் ஜப்பான் போய் விசெல் கோபே கிளப்பில் ஐந்து வருஷம் ஆடினார். அந்தக் கிளப்புக்கு முதல் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்தார். கடைசியாக ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஒரு வருஷம். அதோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

21-வது நிமிடம்

டானி ஹார்க்கேயின் சட்டை எண் 21. அவர் இறந்த பிறகு எஸ்பான்யோல் மைதானத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஆட்டம் 21-வது நிமிடத்தைத் தொட்டதும் ரசிகர்கள் கைதட்டுவார்கள். தோற்றுக்கொண்டு இருந்தாலும் தட்டுவார்கள்.

உலகக் கோப்பை கோல் போட்ட ராத்திரி இனியெஸ்டா போட்டிருந்த அந்த வெள்ளைப் பனியனை ஏலம் விட்டிருந்தால் கோடிக்கணக்கில் போயிருக்கும். அவர் விற்கவில்லை. தன் வீட்டிலும் வைத்துக்கொள்ளவில்லை. எஸ்பான்யோல் கிளப்பிடமே கொடுத்துவிட்டார்.