டிரெய்லரைச் சமமட்டமாக இழுத்துச் செல்வதற்கு ஏற்ற இணைப்பு

வாடகை டிரெய்லரில் பொருள்களை ஏற்றி வீடு மாறுவோர், தோட்டக் கழிவுகளைக் கார்ல் சாலையிலுள்ள ஸ்மார்ட் நிலையத்துக்கு எடுத்துச் செல்வோர், கோடையில் முகாம் வண்டியுடன் புறப்படுவோர் எனச் சன்னிவேல் குடியிருப்பாளர் பலருக்குக் காரின் பின்னால் டிரெய்லரை இணைக்கும் தேவை ஏற்படுகிறது. இணைத்தபின் டிரெய்லரின் தளம் தரைக்கு இணையாக, சமமட்டமாக நிற்க வேண்டும். அது காரின் இணைப்பு உயரத்தையும், டிரெய்லரில் பாரம் ஏற்றப்பட்டுள்ள முறையையும் பொறுத்தது.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுவோர் இதனை முன்பாரம், பின்பாரம் என்பர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். டிரெய்லரிலும் நிகழ்வது இதுவே. முன்பாரம் அளவு கடந்தால் காரின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். முகப்பு விளக்குகள் எதிரில் வருவோரின் கண்களைக் கூசச் செய்யும். பின்பாரம் இதனினும் அபாயமானது. வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஊசலாடத் தொடங்கி, காரையும் தன்னுடன் இழுத்துச் சாய்த்துவிடக்கூடும்.

முதலில் உயரத்தை அளக்க வேண்டும். காரைச் சமதரையில் நிறுத்தி, அதன் பின்புறமுள்ள சதுரக் குழாயின், அதாவது ரிசீவரின், உட்புற மேல்விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்க. பின்னர் டிரெய்லரை முட்டுக் கொடுத்துச் சமமட்டமாக நிறுத்தி, உருண்டையின்மேல் கவிழும் கப்ளரின் அடிவிளிம்பு உயரத்தை அளக்க வேண்டும். ரிசீவர் 19 அங்குலமும் கப்ளர் 15 அங்குலமும் இருப்பின், 4 அங்குலம் கீழிறங்கும் தாங்கு கை தேவை. கடைகளில் இதனைப் பால் மவுண்ட் என்று கேட்க வேண்டும். கப்ளரே உயரமாக இருப்பின், மேலேறும் வகையை வாங்க வேண்டும். தாங்கு கையின் மறுமுனை ரிசீவரின் அளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய கார்களில் ரிசீவர் பெரும்பாலும் 1¼ அங்குலம், பெரிய வண்டிகளில் 2 அங்குலம்.

உருண்டையின் விட்டம் 1⅞, 2, 2 5/16 அங்குலம் என வேறுபடும். தேவையான அளவு கப்ளரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குல உருண்டையின்மேலும் அமர்ந்துவிடும். ஆனால் சாலைமேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடக்கூடும். ரிசீவர், தாங்கு கை, உருண்டை, கப்ளர் ஆகிய ஒவ்வொன்றிலும் அது தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் மிகக் குறைந்த எண்ணே, காரின் இழுவை வரம்பு அதனினும் குறைவாக இல்லாத நிலையில், இழுத்துச் செல்லத்தக்க எடையாகும். சியன்னா, ஒடிஸி போன்ற குடும்ப வண்டிகளின் இழுவை வரம்பு 3,500 பவுண்டைத் தாண்டாது.

உருண்டையின்மீது டிரெய்லரின் முன்பகுதி அழுத்தும் எடை, பொருள்களுடன் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடாக இருத்தல் வேண்டும். 2,000 பவுண்டு டிரெய்லருக்கு இது 200 முதல் 300 பவுண்டு. சிறிய டிரெய்லராயின், வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை உரிய உயரத்தில் வைத்து, அதன் வரம்புக்குள் அளந்துவிடலாம். மொத்தப் பொருளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை டிரெய்லரின் முன்பாதியில் ஏற்றுவது வழக்கமான விதி. உருண்டையை அழுத்தும் எடை காரில் அமர்வோரின் எடையுடன் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பது பலர் கவனிக்காத செய்தி.

பாரம் ஏற்றியபின் காரின் பின்பகுதி தாழ்வது கண்டு, பொருள்களைப் பின்னுக்குத் தள்ளிச் சமன்செய்வோர் உண்டு. பார்வைக்கு மட்டம் சரியாகிவிடும். ஆயினும் அது பின்பாரமாகி ஊசலாட்டத்துக்கு வழிவகுக்கும். கார் உற்பத்தியாளரின் கையேடு அனுமதிப்பின், எடையின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கு மாற்றும் எடைப்பகிர்வு இணைப்பைப் பொருத்துவதே முறை. சில கார்களின் கையேடுகள் இதனைத் தடைசெய்கின்றன. எனவே வாங்குமுன் படித்தறிக. இந்த இணைப்பைப் பொருத்தினாலும் உற்பத்தியாளர் குறித்த வரம்புகளை மீறலாகாது.

வழியில் டிரெய்லர் ஊசலாடினால், காரின் பிரேக்கை அழுத்தாமலும் வேகத்தைக் கூட்டாமலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பற்றியிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் இருப்பின், அதனை மட்டும் கையால் இயக்கலாம்.

கலிபோர்னியச் சட்டப்படி டிரெய்லர் இழுக்கும் வண்டி மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லலாகாது; முந்துவதற்கன்றி வலப்புறத் தடத்திலேயே செல்ல வேண்டும். நடுத்தடுப்புள்ள சாலையில் ஒரு திசைக்கு நான்கு அல்லது மேற்பட்ட தடங்கள் இருப்பின், அதற்கு அடுத்த இடத்தடத்தையும் பயன்படுத்தலாம். பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். கப்ளர் கழன்றால் முன்பகுதி தரையில் விழாது தாங்குமாறு, சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுவது நலம். குப்பையோ கழிவோ ஏற்றியிருப்பின் அதனை முழுவதும் மூடியிருக்க வேண்டும். காரின் பின்னால் இழுக்கப்படும் முகாம் வண்டியினுள் பயணத்தின்போது எவரும் இருக்கலாகாது.