யானைக்கால் வியாதியும் காலைப் பேணும் முறையும்

பழைய சென்னை இராஜதானியின் கரையோர ஜில்லாக்களில் யானைக்கால் வியாதி வெகுகாலமாக அறியப்பட்டது. செங்கற்பட்டும் அவற்றுள் ஒன்று. இதை முன்வினைப் பயனென்று எண்ணிப் பலர் காலை மறைத்து வாழ்ந்தனர். உண்மை அதுவன்று. 1872-ல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்னும் வைத்தியர் மனித இரத்தத்தில் இதன் நுண்புழுவைக் கண்டார். 1877-ல் சீனாவில் பாட்ரிக் மான்சன் அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். இக்கொசு கழிவுநீரில் முட்டையிடும். ஆகவே, நாவலூர் போன்று வீடுகள் பெருகிய ஊர்களில் சாக்கடை நீர் தேங்காமற் காப்பது முதற் கடமையாகும்.

புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல வருஷம் தங்கி அவற்றைக் கெடுப்பதால் நீர் வடியாமல் கால் வீங்குகிறது. நுண்புழுக்கள் இரவிலேயே மிகுதியாக இரத்தத்தில் உலவும். இரவில் இரத்தம் எடுத்துச் சோதிப்பது இதனாலேயே. 1947 முதல் வழங்கிவரும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்து நுண்புழுக்களை அழித்து, வியாதி பிறருக்குப் பரவாமல் தடுக்கும். ஆயினும், முற்றிய வீக்கத்தை அது வற்றச் செய்யாது. இதையறியாதார், மாத்திரை உண்டும் கால் இளைக்கவில்லையென மனம் சோர்ந்து, எல்லாக் கவனிப்பையும் விட்டுவிடுகின்றனர். கேடு விளைவது அங்கேதான்.

விரலிடுக்குப் புண், வெடிப்பு ஆகியவற்றின் வழியே வேறு கிருமிகள் நுழையும்போது குளிர்காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் கால் மேலும் தடிக்கும். கூலியாளுக்கு அந்நாட்களின் வரும்படியும் நஷ்டமாகும். இக்காய்ச்சலைத் தடுப்பதே சிகிச்சையின் சாரம்.

அதற்கான முறை எளிது. தினந்தோறும் காலைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு, மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் மென்மையாகக் கழுவவேண்டும். சூடான நீர் ஆகாது. பின்னர் துணியால் ஒற்றி, ஈரமின்றி உலர்த்தவேண்டும். விரலிடுக்கில் புண்ணிருந்தால் வைத்தியர் தரும் களிம்பைத் தடவவேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலுங்கீழும் அசைப்பது நலம். இறுகாத செருப்பின்றி வெளியே செல்லலாகாது. காய்ச்சல் கண்டால் இப்பயிற்சியை நிறுத்தி, வீக்கத்தைக் கீறாமலும் பச்சிலை வைத்துக் கட்டாமலும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

ஒரு சோப்புக் கட்டியும், ஒரு பழந்துணியும், தினம் சிறிது நேரமும் இதற்குப் போதும். காலை மறைப்பதால் வியாதி மறையாது. வீட்டார் வெறுப்பின்றித் தண்ணீர் மொண்டு கொடுத்து உதவுவாராயின், நோயாளி தம் தொழிலைத் தாமே நடத்தி மானத்துடன் வாழக்கூடும்.