ஜெர்மன் மொழியும் நம் இலக்கணமும்



சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளைக் கண்டிருப்பீர்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து புறப்படும் அவ்வண்டிகள் வட இந்தியா வரையிலும் செல்கின்றன. உடன் செல்லும் தொழிலாளர், சென்ற இடத்து மொழியைப் பேசக் கற்றுத் திரும்புகின்றனர். ஆதலின், பிழைப்பின் பொருட்டு அயல்மொழி பயில்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இப்போது அவ்வரிசையில் ஜெர்மன் மொழியும் சேர்ந்திருக்கிறது. செவிலியர் படிப்பில் தேறிய நம் இளைஞர் சிலர் ஜெர்மனிக்குச் செல்ல விரும்பி அம்மொழியைப் பயில்கின்றனர். அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக ‘பி 2’ என்னும் மொழித்தரம் வேண்டும். ஐரோப்பியர் வகுத்துள்ள ஆறு படிகளில் அது நான்காவது படி.

என் தங்கையின் மகளும் அவ்வாறு பயிலத் தொடங்கியவள். இரண்டாம் படித் தேர்விலேயே இருமுறை தவறினாள். “மாமா, எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம். ஜெர்மன் எங்கே வரப்போகிறது?” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டாள். அவள் படிப்புக்காக வீட்டார் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற நான், அப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பிறகு சேலத்தில் ஒரு மாலை வகுப்பில் அவளோடு நானும் ஒரு மாணவனாய்ச் சேர்ந்தேன்.

அவளுடைய புத்தகம் ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்டது. ‘இம்மொழியில் வேற்றுமைகள் உண்டு, அஞ்ச வேண்டாம்’ என்கிற தோரணையில் அது தொடங்குகிறது. ஆங்கிலேயருக்கு அந்த ஆறுதல் தேவைதான். ஏனெனில், அவர்கள் மொழியில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியிலேயே ஒப்பித்த நமக்கு அந்த அச்சம் எதற்கு?

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ‘ஓட்டுநர் ஆசிரியரைப் பார்க்கிறார்’ என்பதை ஜெர்மானியர், ‘டெர் ஃபாரர் ஸீட் டேன் லேரர்’ என்பர். ‘டேன் லேரர் ஸீட் டெர் ஃபாரர்’ என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாது. ‘ஆசிரியரை ஓட்டுநர் பார்க்கிறார்’ என்று நாம் சொல்வதில்லையா? அதே கதைதான். ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் மாறிவிடுவர். நாம் ‘ஐ’ என்னும் உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம். ஜெர்மானியர் பெயருக்கு முன் நிற்கும் ‘டெர்’ என்பதை ‘டேன்’ என்று திரிக்கின்றனர். ஆண்பாற் பெயர்களில்தான் இத்திரிபு நிகழும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நான்காம் வேற்றுமை இதனினும் இனியது. ஒருநாள் வகுப்பறையில் மின்விசிறி வேகமாகச் சுழன்றது. குளிர்கிறது என்று சொல்ல எண்ணி, ஆங்கிலத்தை அடியொற்றி, ‘இஷ் பின் கல்ட்’ என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டார். ‘நான் அன்பற்றவன்’ என்பது போல அதற்குப் பொருள்படுமாம். ‘மீர் இஸ்ட் கல்ட்’ என்பதே சரி என்றார். ‘மீர்’ என்றால் ‘எனக்கு’. ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நினைத்திருந்தால் பிழை நேர்ந்தே இராது! ‘உனக்கு உதவுகிறேன்’ என்பதிலும் அவர்கள் நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையைக் கொள்கின்றனர்.

அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்புகையில் என் மருமகள் ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்தாள். தமிழும் ஜெர்மனும் ஒத்துப்போகும் இடங்கள் ஒரு பத்தியில். ஒத்துப்போகாத இடங்கள் மற்றொன்றில். முதற்பத்தி விரைவில் நீண்டது. முதியவரிடம் ‘நீங்கள்’ என்றும் நெருங்கியவரிடம் ‘நீ’ என்றும் வேறுபடுத்தும் மரியாதை அம்மொழியிலும் உண்டு. நோயாளியிடம் பேசும் செவிலியருக்கு இது இன்றியமையாதது. குறில் நெடில் வேறுபாடும் அங்கே பொருளை மாற்றும். ‘பிட்டன்’ என்றால் வேண்டுதல். ‘பீட்டன்’ என்றால் அளிக்க முன்வருதல். ‘வைல்’ என்னும் காரணச் சொல் வந்தால், அத்தொடரின் வினை நம் தமிழ் வினையைப் போல இறுதிக்குப் போய்விடும்.

இரண்டாம் பத்தியை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். சாதாரணத் தொடரில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்கும். இது தமிழ் வழக்கன்று. ‘உன்னிடம் கேட்கிறேன்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘உன்னைக் கேட்கிறேன்’ என்று இரண்டாம் வேற்றுமையிற் சொல்வர். எண்களிலோ பெருந்தடுமாற்றம். 25 என்பதை ‘ஐந்தும் இருபதும்’ என்று வாசிப்பர். மருந்தின் அளவைக் காதாற்கேட்டு எழுதும் செவிலியர் 52 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆதலால் எண்களை நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பால் பாகுபாடு. நமக்குப் பால் என்பது பொருளைப் பற்றியது. அங்கே அது சொல்லைப் பற்றியது. ஒரே மேசையில் கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் அல்லாத நடுப்பால். ‘சிறுமி’ என்று பொருள்படும் ‘மேட்ஷென்’ என்னும் சொல்லும் நடுப்பாலே! ‘ஷென்’ என்று முடியும் சிறுமைப் பெயர்களெல்லாம் நடுப்பால். ‘உங்’ என்னும் விகுதி பெற்றவை பெண்பால். இத்தகைய சில விதிகள் துணை செய்யும். மற்றவற்றை, டெர், டீ, டாஸ் என்னும் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

அப்படியானால் ஆங்கிலத்தால் பயனில்லையா? உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்லவா? கை, விரல் ஆகியவற்றுக்கு அங்கேயும் ஹாண்ட், ஃபிங்கர் என்பனவே பெயர்கள். சொற்களுக்கு ஆங்கிலத்தையும், தொடரமைப்பின் பல நுட்பங்களுக்குத் தமிழையும் துணைக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

இம்முறை நான் கண்டுபிடித்ததன்று. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பத்தாண்டுகளுக்குப் பின், 1716-இல், அவர் இயற்றிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. ஐரோப்பியக் கற்றோர் அறிந்திருந்த இலத்தீன் மொழியில் அதனை எழுதினார். அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்கும் வழி அது. அவர் நம்மை நோக்கி வந்த பாதையில், இன்று நம் பிள்ளைகள் எதிர்த்திசையில் நடக்கின்றனர்.

என் மருமகள் மூன்றாம் முறை எழுதி இரண்டாம் படியில் தேறினாள். இன்னும் இரண்டு படிகள் ஏற வேண்டும். வழி எளிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால், ‘எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம்’ என்று அவள் இப்போது சொல்வதில்லை. அவள் பையில் ஜெர்மன் அகராதியோடு, பள்ளி நாளில் படித்த தமிழ் இலக்கணப் புத்தகமும் இருக்கிறது. அயல்மொழி பயில விரும்பும் மாணவர்களே, நீங்களும் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, வேற்றுமை இயலை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.