இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

ஐரோப்பாவில் விமானம் ஏறி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வினவினால், லண்டனிலிருந்து பாரிஸுக்குச் சுமார் ஒன்றேகால் மணி என்று விடை கூறிவிடுவோம். ஆனால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, சமுத்திரக் காற்று ஓயாது வீசும் ஆர்க்னி தீவுக் கூட்டத்தில், வெஸ்ட்ரே என்னும் தீவிலிருந்து அண்டையிலுள்ள பாப்பா வெஸ்ட்ரேக்கு 1967ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் விமானப் போக்குவரத்தில், கடக்க வேண்டிய தூரம் 2.7 கிலோமீட்டர்தான், எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய அவ்வளவு நீளமுடையது!

கால அட்டவணை இரண்டு நிமிஷம் என்கிறது. காற்று அனுகூலமாக இருந்த ஒரு சமயம் 53 விநாடியிலேயே அக்கரையில் இறங்கியதும் உண்டு. எட்டுப் பேர் அமரும் அந்தச் சிறிய விமானத்தில் பிரயாணி ஒருவர் விமானியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம்; இருக்கைப் பட்டியை மாட்டி, கீழே அலையை ஒருமுறை நோக்கி நிமிர்வதற்குள், எதிர்த் தீவின் புல்வெளி கண்ணெதிரே வந்துவிடுகிறது. இது உல்லாசப் பிரயாணிகளின் பொருட்டு ஏற்பட்ட விநோதமன்று. ஆசிரியர்களும் வைத்தியர்களும் நோயாளிகளும் தம் நித்திய காரியங்களுக்காக இதில்தான் போய்வருகிறார்கள். கால அட்டவணைப்படி நடைபெறும் பிரயாணிகள் விமானப் போக்குவரத்துகளுள் உலகிலேயே மிகக் குறுகியது இதுவே.