புரையிடத்திற்கேற்ற மின்வாள்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடும் சேர்ந்தபோது, களியக்காவிளைக்கு இருபுறமும் ஒரே விதமான வாழ்க்கை நடத்திவந்த கிராமங்கள் இரண்டு சர்க்கார்களின் கீழ் வந்தன. ஆனால் மரங்கள் மாறவில்லை. பாறசாலையைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்களின் புரையிடங்களில் இன்றும் தென்னையும் பிலாவும் மாவும் அயனியும் புளியும், சற்று மேடான விளைகளில் ரப்பரும் நெருங்கி நிற்கின்றன. இடவப்பாதியிலோ துலா மழையிலோ காற்று வந்து இவற்றில் ஏதாவது ஒன்றை முறித்துப் போடுவது வருஷந்தோறும் நடக்கும் விஷயமாகையால், கோடாலியும் கைவாளும் இருந்த மூலையில் ஒரு மெஷின் வாளை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் எழுவது இயற்கையே.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் இந்தக் கரையை ஒட்டிச் சென்றபோது மெஷின் வாளின் அவசியம் நன்றாகப் புலப்பட்டது. கடலுக்குச் சென்று மீளாத மீனவர்களின் துயரத்தின் முன் நிலத்தில் நேர்ந்த நஷ்டம் பெரிதல்ல. ஆயினும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து, வழிகள் அடைபட்டு, பல நாட்கள் மின்சாரமின்றி மக்கள் வருந்திய அந்த வேளையில், வாசலை அடைத்துக் கிடக்கும் மரத்தை அறுத்து நீக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர்கள் அநேகர்.

கடைக்குப் போகுமுன் தன் மண்ணில் எந்த மரம் நிற்கிறது, அதில் எதைத் தான் அறுக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் நிதானமாக யோசிக்க வேண்டும். 25, 30 வருஷம் பால் கொடுத்து முடிந்த ரப்பரை வியாபாரி மொத்தமாக விலை பேசி, தன் ஆட்களையும் மெஷினையும் கொண்டுவந்து வெட்டி, பெரும்பாவூர் பிளைவுட் மில்களுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அதற்காக நாம் வாள் வாங்க வேண்டியதில்லை. நிற்கிற பெரிய பிலாவையோ அயனியையோ சாய்ப்பதும் நம் காரியமல்ல. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சி பிலாவின் பொந்தில் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து உயிர் தப்பினார் என்ற கதையை அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. ஓர் ஆள் நுழையும் பொந்து முதிர்ந்த பிலாவுக்குள் இருக்கக்கூடும் என்பதையும் அக்கதை சொல்கிறதல்லவா? உள்ளே பொள்ளலான மரம் எந்தத் திசையில் விழும் என்பதைப் பழகிய மரம்வெட்டுகாரர்கூட நன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே சொல்வார். ஆக, வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது விழுந்த கிளைகள், விறகு, தென்னந்தடி ஆகியவையே.

இவ்வளவுக்கு, செயின் சுற்றி ஓடும் தகடான பார் 14 அல்லது 16 அங்குலம் உள்ள மின்சாரச் செயின் வாள் தாராளமாகப் போதும் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். பெட்ரோல் வாளுக்கு வலு அதிகம், வயர் வேண்டாம், கரண்ட் போனாலும் ஓடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் லிட்டருக்கு இத்தனை மில்லி என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கில் எண்ணெய் கலக்க வேண்டும், 100 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தைக் காது தாங்க வேண்டும், எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விட்டால் அது ஈரத்தை இழுத்துக் கார்பரேட்டரைக் கெடுத்துவிடும். வருஷத்தில் சில நாட்களே எடுக்கும் வீட்டில் இந்தப் பராமரிப்பு நடப்பதில்லை. மின்வாள் கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதோடு, அதற்கு வேறொரு நியமமும் உண்டு: 2,000 வாட் வாள் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்குமாகையால், ஃபேனுக்குரிய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது, பவர் பிளக்கும், கனத்த செம்புக் கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் வயரும், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. வீட்டிலும் இருக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு ஓட்டுவது அறவே கூடாது. பாட்டரி வாள் சிறு கிளைகளுக்கு மிக வசதியானது, விலைதான் சற்றுக் கனம்.

மனம் நொந்து சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டிப் பலகையும் விறகும் அறுக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று வேகத்தில் ஓடும் அந்தச் சாதனம் மரத்திற்காகச் செய்யப்பட்டதல்ல. பல் ஓரிடத்தில் சிக்கினால் மெஷின் கையை உதறிவிட்டுத் துள்ளும், அது விழும் இடம் தொடையாகவோ கழுத்தாகவோ இருக்கும். மலிவு என்று அதைத் தேடுபவர்கள் தயவுசெய்து கைவாளையே உபயோகிக்கட்டும்.

செயின் வாளிலும் அபாயம் இல்லாமலில்லை. பாரின் நுனியில் மேற்பாதி மரத்தில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் வாள் மேல்நோக்கி எழும்பி அறுப்பவர் முகத்தை நோக்கி வரும். அப்போது கைக்கு முன்னுள்ள கவசம் முன்னால் தள்ளப்பட்டுச் செயினை உடனே நிறுத்த வேண்டும். ஆகவே வாட் எவ்வளவு என்று கேட்குமுன் இந்தப் பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து வாங்குங்கள். உதிரிச் செயினும் பாரும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள், ஏனென்றால் தென்னந்தடியின் வெளிப்புற வைரம் பல்லைச் சீக்கிரமே மழுக்கிவிடும். கூர்மையான செயின் சீவலாகக் கொட்டும், மழுங்கியது மாவாகக் கொட்டும். மாவு கண்டவுடன் நிறுத்தி உருண்டை அரம் போட வேண்டும். மழுங்கிய வாளை அழுத்தி ஓட்டும்போதுதான் கை தவறுகிறது.

காற்றில் விழுந்த மரத்தை அறுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரு முனையும் தாங்கிக் கிடக்கும் தடியின் மேல்புறம் அழுந்தியும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து முழுதும் அறுத்தால் பார் இறுகிக்கொள்ளும், எனவே மேலே மூன்றிலொரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன் மண்ணோடு கூடிய அடிமூடு திடீரென்று நிமிர்ந்து எழுவதுண்டு. அதன் குழிக்குள் குழந்தைகளை ஒருபோதும் விடாதீர்கள். மின்கம்பியில் சாய்ந்த மரத்தை, மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை, தொடவே கூடாது.

இடவப்பாதி தொடங்குமுன் வாங்கி, முதலில் சிறு விறகில் பழகுங்கள். வாளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கனத்த பூட்ஸ் ஆகியவற்றுக்கு இடமில்லையென்றால், இன்னொரு வருஷம் பொறுத்து வாங்குங்கள்.